கிட்டங்கித் துறையில் மீன் கிடையாது

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு சக்கர நாற்காலி நிற்கிறது. அதில் என் வீட்டுக்காரர் தவசிங். "புளியக் கரைச்சு வச்சிட்டுப் போயிருக்கலாம்லா" என்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் புருவத்தைத் தூக்கியே அடக்கியிருக்கிறேன். இந்த ஒருவரிடம் என் புருவம் செல்லுபடியாவதில்லை.

போன ஜூனில் அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. புண் சரியாக ஆறாததால் செயற்கைக் கால் இன்னும் பொருத்தவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வருவதில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. அதற்கு முன்னால் சனிக்கிழமை விடிந்தால் இந்த மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் வாரத்துக்கு ஓர் இடம் சொல்வார். எல்லாம் புளுகு. மீன் கிடைக்கிற இடத்தைக் கட்டின பெண்டாட்டியிடமும் சொல்லக்கூடாது என்பது தூத்துக்குடித் தூண்டில்காரர்களின் வேதம். நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே, களவு செய்யாதே என்று பத்துக் கற்பனை சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு வாய்த்தது இப்படி.

இன்றைக்குச் சாப்பிடும்போது, "பரண்ல கெடக்க தூண்டில யாருக்காவது குடுத்துரு லீலா" என்றார். உப்பை எடு என்பதுபோலத்தான் சொன்னார். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கொடுக்கமாட்டேன். சக்கர நாற்காலி போகிற மாதிரி கடலோரத்தில் ஓர் இடத்தை நானே கண்டுபிடிக்கிறேன். எனக்கு என் அடுக்களை திரும்ப வேண்டும், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ செய்யதுவிடம் விஷயத்தைச் சொன்னேன். செய்யது என்னிடம் படித்தவன். கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸானான். நாற்காலியை ஏற்றுவதற்கென்றே ஆட்டோவில் ஒரு பலகை வைத்திருக்கிறான். "தேடிருவோம் டீச்சர்" என்றான்.

வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றார். வேண்டாம், நானே போகிறேன், உங்கள் ரீலை நானே சுற்றிக்கொள்கிறேன் என்றேன். அந்த ரீல் ஜப்பான்காரன் செய்தது. எண்ணெய் போடுவதற்குக்கூட யாரையும் தொடவிடமாட்டார். முகம் வெளிறிவிட்டது.

"நீ சுத்துனா தூண்டில் நரம்பெல்லாம் சிக்காயிரும்."

"ஆனா ஆவட்டும்."

வருகிறாராம். ரீலுக்குக் காவலாக.

பிப்ரவரி 7, சனி

கடற்கரை. மணல். ஆகாது.

நாற்காலியின் முன்சக்கரம் பத்தடி போவதற்குள் மணலுக்குள் குனிந்துவிட்டது. பின்னால் திருப்பி இழுத்தோம். அதுவும் புதைந்தது. நடக்க வந்த நாலு பேர் ஓடிவந்து, அவரைச் சப்பரம் தூக்குகிற மாதிரி தூக்கிச் சாலையில் வைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

வெயிலே வராத நேரத்தில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தைச் சுற்றி ஒரு துண்டு. ஏன் இந்தக் கோலம் என்றேன். பனி ஆகாதாம். பிப்ரவரியில், தூத்துக்குடியில்.

பிப்ரவரி 14, சனி

உப்பளத்துக் கால்வாய்ப் பாலம். தரை வழவழவென்று இருக்கிறது, நாற்காலி தானாக ஓடுகிறது. இதுதான் இடம் என்று மனசுக்குள் தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். நிற்கிறவனுக்கு இடுப்பு உயரம். உட்கார்ந்திருக்கிறவருக்கு மூக்கு உயரம். தண்ணீரைப் பார்க்க வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் உப்பு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "செவுத்துல பல்லி கெடக்கு. புடிச்சுத் தரட்டா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும். செய்யது பயந்துபோய் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தான். ஜூனுக்குப் பிறகு இவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். மீன் இல்லாவிட்டால் போகிறது.

அறிந்துகொண்டது: தடுப்பு, நாற்காலியின் கைவைக்கிற உயரத்துக்கு மேல் போகக்கூடாது.

பிப்ரவரி 18, புதன்

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா இன்னாசி, இங்க கோயம்புத்தூர்ல ஒரே குளிரு. சால்வை இல்லாம வெளிய தல நீட்ட முடியல. மக விடமாட்டேங்கா, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்கப்பாங்கா."

பனியன் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

இன்னாசி இவருடைய தூண்டில் கூட்டாளி. அவரும் காசிலிங்கமும் இவரும் எத்தனையோ வருடமாகச் சேர்ந்து போகிறவர்கள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து இவர் அவர்களிடம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி வந்திருக்கிறார். காலில் சின்னப் புண்தானாம், ஆறிவிட்டதாம். தொப்பியும் கண்ணாடியும் துண்டும் எதற்கென்று இப்போது புரிகிறது.

போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையப் பாத்தா ‘அய்யோ அண்ணாச்சி’ம்பானுவ. தூண்டிலக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நிப்பானுவ. நான் கெளம்புற வரைக்கும் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். அது எனக்கு வேண்டாம் லீலா."

நான் பொய் சொல்லமாட்டேன், அது என்னால் ஆகாது, ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றேன். அது போதும் என்றார்.

இந்த ஊரில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கஷாயம் போடுவார்கள். இவர் மட்டும் எட்டு மாதமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாராம்.

பிப்ரவரி 21, சனி

படகு இறக்குகிற சரிவு. சிமெண்டுத் தரை, தடுப்பே கிடையாது, தண்ணீர் காலடியில். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தூண்டிலை எடுத்து, இறாலைக் கோத்து, வீசினார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எவ்வளவு தூரம் வீசினார் என்று பார்க்கவேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீசின வேகத்தில் நாற்காலி மெதுவாகக் கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. பிரேக் போட்டுத்தான் இருந்தது. பாசியில் பிரேக் என்ன செய்யும்? நான் முன்னால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் குறுக்கே காலை வைத்தேன். செய்யது பின்னாலிருந்து நாற்காலியைக் கட்டிப்பிடித்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வலது செருப்பு கடலோடு போய்விட்டது.

"வீட்ல இப்பம் ரெண்டு பேருக்கும் எடது செருப்பு போதும்" என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது?

திரும்பி வரும்போது ஆட்டோவில் செய்யதுவுக்குப் பாடமே நடத்திவிட்டேன். சரிவு என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி இறங்கவேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் நாற்காலி திரும்புவதற்குச் சமதளம். தண்ணீர் ஓரத்தில் சக்கரத்தைத் தடுக்க ஒரு செங்கல் உயரத்துக்கு விளிம்பு. தரை சொரசொரப்பாகவும், தடுப்பு நாற்காலியின் கைவைக்கிற உயரத்துக்கு மேல் போகாமலும் இருக்கவேண்டும். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். "ஒண்ணுக்குப் பன்னெண்டா, பன்னெண்டுக்கு ஒண்ணா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டான். பத்தாம் வகுப்பில் இந்தக் கவனம் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

பிப்ரவரி 23, திங்கள்

பழைய சங்குக் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு துறை இருக்கிறது. சங்குக் கம்பெனிக்காரன் சரக்கு அடுக்கிவைத்த கிடங்கு அது, பூட்டிப் பல காலம் ஆகிறது. சாலையிலிருந்து பார்த்தால் கல் தளம் நீளமாக, மட்டமாகக் கடலுக்குள் போவது தெரிகிறது. இத்தனை நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

அவரிடம் கேட்டேன். "கிட்டங்கித் துறையா? அங்க மீனே கெடையாது" என்றார். சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 26, வியாழன்

தூண்டில் முள் விற்கிற கடைக்காரரும் தூண்டில் போடுகிறவர்தான், அவரிடம் கேட்டேன். "கிட்டங்கித் துறையில ஒண்ணும் படாதும்மா. வீணா அலையாதிய."

மீன் சந்தையில் இன்னாசியே எதிரில் வந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருந்தால் நானும் அங்கேதானே இருக்கவேண்டும். திரும்பி நடக்கப் பார்த்தேன். அவரே, "வாங்க மைனி. வீட்டத் தூத்துப் போட வந்திருப்பிய. பூட்டியே கெடந்தா கரையான் பிடிச்சிரும்லா" என்றார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கர்த்தர் சாட்சி.

"அண்ணாச்சிக்குக் குளிரு தாங்குதா?"

நான் விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு போகிற போக்கில், கிட்டங்கித் துறையில் மீன் உண்டா என்று கேட்டேன். நெஞ்சில் கையை வைத்தார். "சத்தியமாச் சொல்லுதேன் மைனி, அங்க ஒரு மீனும் கெடையாது. இன்னும் ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போயிராதிய." அவர் காலெல்லாம் சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. கேட்டதற்கு, வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது என்றார்.

மூன்று தூண்டில்காரர்கள், மூன்று பேரும் ஒரே இடத்தை ஒரே வார்த்தையில் தள்ளுகிறார்கள். தூண்டில்காரன் மீன் உண்டு என்று சொன்னால் அங்கே மீன் இருக்காது. மீன் கிடையாது என்று சத்தியம் செய்தால்? கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை. சனிக்கிழமை அங்கேதான்.

பிப்ரவரி 28, சனி

செய்யது வரவில்லை. கார்புரேட்டராம்.

மார்ச் 4, புதன்

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, கால் பொருத்த இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்றார். சாயங்காலம், "போதும் லீலா. ஊரெல்லாம் சுத்தியாச்சு. தூண்டில எடுத்துக் குடுத்துரு" என்றார். ரசத்தில் நான் வேண்டுமென்றே பெருங்காயம் போடாமல் விட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கால் போனபோதுகூட இப்படிப் பயம் வரவில்லை. மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள்ளேயே காய்ந்துபோய்விடுவார் போலிருக்கிறது. அடுக்களையில் வந்து குறை சொன்னால்கூடத் தேவலை.

மார்ச் 7, சனி

செய்யது இன்றும் வரவில்லை. டயர் பஞ்சராம். நானே ஸ்டாண்டுக்கு நடந்துபோய் டயரை உதைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. தூண்டில் தொடாதவனும் புளுக ஆரம்பித்துவிட்டான்.

வேறு ஆட்டோ பிடித்துக் கிட்டங்கித் துறைக்குப் போகிறேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டான். "அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். காயணும்லா."

"என்னது காயணும்?"

தலையைச் சொறிந்தான். "பெயிண்ட்டு. ஆட்டோவுக்கு அடிக்கப் போறேன்."

ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தேன். புதுப் பெயிண்டுக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் அவன் கெஞ்சின விதத்தில் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 11, புதன்

பரணிலிருந்து தூண்டிலை இறக்கித் துடைத்து வைத்தேன். யாருக்குக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார். ஒருவர் வாங்க வருகிறார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொய். அதனால், சனிக்கிழமை இன்னும் ஒரே ஓர் இடம், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம் என்றேன். எந்த இடம் என்றார். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

எல்லாவற்றையும் விடாமல் எழுதவேண்டும்.

தொப்பி, கண்ணாடி, துண்டு எல்லாம் உண்டு. சங்குக் கிட்டங்கிப் பக்கம் ஆட்டோ திரும்பியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "செய்யது, வண்டியத் திருப்புல" என்றார்.

"பிரேக்கு பிடிக்கல அண்ணாச்சி."

ஆட்டோ நடந்து போகிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "லீலா, இது எங்க எடம். அவனுவ அங்க இருப்பானுவ. சொன்னாக் கேளு." குரல் உடைந்துவிட்டது. நான் செய்தது தப்போ என்று அந்த நிமிடம் தோன்றியது. மீன் இருக்கும் என்று கணக்குப் போட்டேனே தவிர, மீன் இருக்கிற இடத்தில்தானே கூட்டாளிகளும் இருப்பார்கள் என்று கணக்குப் போடவில்லை. இப்படி ஒரு மடச்சி கணக்கு டீச்சராம். செய்யது, நிறுத்து, திரும்பிவிடலாம் என்றேன். அவன் காதிலேயே வாங்கவில்லை.

கிட்டங்கிச் சுவரைச் சுற்றி வண்டி நின்றது. துறையின் ஓரத்தில் இன்னாசி, காசிலிங்கம், முள் கடைக்காரர் மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். செய்யது பலகையைப் போட்டு நாற்காலியை இறக்கிவிட்டான்.

அப்போதுதான் பார்த்தேன். சாலையிலிருந்து துறைக்கு இறங்கப் பெரிய பெரிய கல் படிகள். அவற்றின் ஒரு பாதியை மூடிக்கொண்டு நீளமான சிமெண்டுச் சரிவு ஒன்று. மேலே, சிமெண்டு இறுகும்வரை மூடிவைத்திருந்த ஈரச் சாக்குகளைச் சுருட்டிப்போட்ட குவியல். வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் கீறிய வரிகள். சரிவின் அடியில் நாற்காலி திரும்புகிற அளவுக்குச் சமதளம். கடல் ஓரத்தில் ஒரு செங்கல் உயரத்துக்கு விளிம்பு. அதற்கு மேல் குழாய்த் தடுப்பு, நாற்காலியின் கைவைக்கிற உயரத்துக்கு அறுத்து விட்டிருந்தது. நான் ஆட்டோவில் சொன்னது ஒன்று விடாமல் அங்கே இருந்தது. மீனே கிடையாது, இரண்டு வாரம் போகாதீர்கள் என்று சத்தியம் செய்தது இதற்குத்தான். கோயம்புத்தூர்க் கதையை இவர்கள் ஒருநாளும் நம்பியதில்லை.

செய்யது என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஒண்ணுக்குப் பன்னெண்டு. சரியா இருக்கா டீச்சர்?" என்றான். இன்னாசி அங்கிருந்தே பலமாக இருமினார். செய்யது வாயை மூடிக்கொண்டான்.

இவர் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை அவிழ்த்தார். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு இறங்கினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் தூண்டிலைக் கீழே வைக்கவில்லை. இன்னாசி கழுத்தை மட்டும் திருப்பி, "வாங்க அண்ணாச்சி. எப்பம் வந்திய?" என்றார்.

"காலைலதான்" என்றார் இவர்.

"கோயம்புத்தூர்ல குளிரு எப்பிடி?"

"தாங்க முடியல இன்னாசி. அதான் ஓடியாந்துட்டேன்."

"நல்லது செஞ்சிய" என்று சொல்லிவிட்டுக் காசிலிங்கம் தன் வாளியை நகர்த்தி நடுவில் இடம் விட்டார். நாற்காலி அங்கே போய் நின்றது. கால் என்ற பேச்சே எழவில்லை.

நான் சும்மா இருக்கமுடியாமல், இந்தச் சரிவை யார் கட்டியது என்று கேட்டேன்.

"இதா?" இன்னாசி அதை முதல்தடவை பார்க்கிறவரைப்போலத் திரும்பிப் பார்த்தார். "இது சங்குக் கம்பெனிக்காரன் காலத்துலயே உள்ளது மைனி. நீங்க இந்தப் பக்கம் வந்ததில்ல, அதான் தெரியல." அவர் நகத்தில் இன்னும் சிமெண்டு இருந்தது. இவர் தலையை ஆட்டினார். "ஆமா லீலா, அந்தக் காலத்துச் சரிவு. நான் பாத்திருக்கேன்."

தூண்டில் வீசிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நரம்பு இழுத்தது. மற்ற மூவரும் மளமளவென்று தங்கள் நரம்பைச் சுருட்டி அவருக்கு வழி விட்டார்கள். அது அவர்கள் வழக்கமாம். இழுத்து, விட்டு, இழுத்து, கடைசியில் தளத்தில் வந்து விழுந்தது கெளுத்தி. அதுவும் சின்னது.

"என்ன அண்ணாச்சி இது? கோயம்புத்தூர்ல இட்லி தின்னு தின்னு கையி மறந்துபோச்சா?" என்றார் காசிலிங்கம்.

மூவரும் சிரித்தார்கள். முள் கடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுகைதான், வேறென்ன.

அப்போது காசிலிங்கம் என்னைப் பார்த்து, "மைனி, நீங்களும் காலைலதான் வந்தியளா?" என்றார்.

சிரிப்பு நின்றது. நாலு பேரும் அவரவர் நரம்பையே பார்த்தார்கள். இவர் ரீலில் வைத்த கை அப்படியே இருந்தது. செய்யது தரையைப் பார்த்தான். அறுபத்தொரு வயது வரை இந்த நாக்கு அறிந்து ஒரு பொய் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன். "பஸ்ஸுல பொட்டுத் தூக்கம் இல்ல."

"பொறவு?" என்றார் இவர், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "சன்னல் சீட்ட நான்லா எடுத்துக்கிட்டேன்."